சத்தமில்லாத சுவிட்ச்

மேசையில் கைபேசியை வைத்தால் போதும். பக்கத்தில் யார் தட்டச்சு செய்தாலும் அதிலுள்ள செயலி சத்தத்தைக் கேட்டே வரிகளைத் திரையில் காட்டிவிடும். மனைவி தமயந்தி அன்றன்று எழுதியதையெல்லாம் தேவராஜ் சாப்பாட்டுக்கு முன் படித்துவிடுவான்.

இன்று காலை தமயந்தி மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், எழுத்து விசைகளுக்கு அடியில் பொருத்தும் சத்தமில்லாத சுவிட்சுகளை வாங்கிவந்து கீபோர்டில் மாட்டினாள். நாள் முழுக்க நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்ப்பவளுக்கு விரல்வலிகூடக் குறைந்தது.

மாலையில் தேவராஜ் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடி, ஒரு வரிகூட வரல?"

"மெத்துனு இருக்கு. கை வலிக்கல."

"எனக்குத் தெரியாம யாருக்கு எழுதுற?"

"ஜட்ஜுக்கு."

"நக்கலா? பழசை மாட்டு. என் கண்ணு முன்னால."

தமயந்தி ஒவ்வொரு சுவிட்சாகப் பிடுங்கிப் பழையதைச் சொருகினாள். பிறகு, பகலில் பாதியில் விட்டிருந்த கடிதத்தைத் தொடர்ந்தாள். அறை முழுக்கச் சடசடத்தது. தேவராஜின் திரையில் வரி ஓடியது.

'உங்கள் பெண்கள் விடுதியில் ஓர் அறை வேண்டும். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்.'

"யாருக்குடி ரூமு?"

"எனக்குத்தான். ஒத்தக் கட்டில் போதும்னு அடுத்த வரில வரும், படிங்க."