பாவித்த கார்ட்

"திரும்பவும் நிண்டு போச்சுத் தம்பி."

தங்கரத்தினம் அன்ரியின் குரல் கேட்டதுமே றிஸ்கான் மேசையில் இடம் ஒதுக்கினான். படுக்கை விரிப்பில் சுற்றிய கணினியை ஓட்டோக்காரர் தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். உட்துறைமுக வீதியில் இருக்கும் அவனுடைய சின்னக் கணினித் திருத்தகத்துக்கு அது வந்து சேர்வது இந்த மாதத்தில் மூன்றாம் தடவை.

அன்ரி அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓர்ஸ்ஹில் பகுதியில் இருக்கும் வீட்டில் தனி ஆள். கனடாவில் இருக்கும் ஒரே மகன் பிரகலாதனோடு ஞாயிறு பின்னேரங்களில் கணினி விளையாட்டில் லொறி ஓட்டுவார். மகனின் லொறி முன்னால், அம்மாவின் லொறி பின்னால். "இடப்பக்கம் எடுங்கோ, பிரேக் பிடியுங்கோ" என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு கதை இருக்காது.

பாதை தெளிவாகத் தெரியட்டும் என்று மகன் சொல்லித்தான் போன மாதம் புது கிராபிக்ஸ் கார்ட் போட வந்தார். புதுசு என்று சொல்லித்தான் றிஸ்கானும் போட்டுக் கொடுத்தான்.

அது புதுசே இல்லை. கொழும்பில் யாரோ இரண்டு வருடம் போட்டு வதைத்த கார்ட். துடைத்து, நல்ல பெட்டி ஒன்றுக்குள் வைத்து நீட்டியிருந்தான். வயது போன மனிசி, சும்மா லொறி ஓட்டத்தானே என்று அன்றைக்கு நினைத்தது இப்போது அவனைப் போட்டு அரித்தது.

"எவ்வளவு நேரம் ஓடிச்சி அன்ரி?"

"அரை மணித்தியாலம்கூட இல்லை. டப்பெண்டு இருட்டாப் போச்சு. உடன மகன் போன்ல கோல் எடுத்திட்டான். அந்த வயரைப் பாருங்கோ, இந்த வயரைப் பாருங்கோ, சாப்பிட்டீங்களோ, பிரஷர் குளிசை போட்டீங்களோ எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சான். கடைசியில, கடைக்குக் கொண்டு போங்கோ அம்மா எண்டு ஒரே ஆக்கினை."

சொல்லிக்கொண்டே ஒரு தகர ரின்னை நீட்டினார். "பயத்தம் உருண்டை. பிள்ளையளுக்குக் குடுங்கோ. என்னால உங்களுக்குத்தான் கரைச்சல்."

வாங்க றிஸ்கானுக்குக் கை கூசியது. ஏமாற்றினவனுக்குப் பலகாரம் வேறு. அவன் அன்ரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்ரியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் தடவை கார்ட்டின் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். இரண்டாம் தடவை கார்ட்டின் விசிறியை மாற்றினான். பிறகு அதே லொறியைக் கடையிலேயே இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு தரமாவது நிற்க வேண்டுமே! வீட்டுக்குப் போனால் மட்டும் நிற்கிறது.

இன்றைக்கும் கணினியின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். கார்ட்டில் பிழை என்று ஓரிடத்திலும் இல்லை. மின்சாரம் திடீரென்று அறுந்தது என்று மட்டும் இருந்தது. பழைய கார்ட் அளவுக்கு மிஞ்சிக் கரண்டை இழுக்கிறது, அதனால்தான் என்று முடிவு கட்டினான். மனச்சாட்சி அவனை வேறு எதையும் யோசிக்க விடவில்லை.

இதுவரை துடைக்காத பின்பக்கத்தைத் திருப்பித் தூரிகையால் தட்டினான். கடற்காற்றில் உப்பும் தூசியும் அப்பிப் போயிருந்தன. கரண்ட் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்புச் சுவிச்சு மட்டும் துடைத்து வைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. வயர் மாட்டும்போது கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டான்.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. தூரிகையை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அன்ரி, நான் உங்களுக்கிட்டப் பொய் சொல்லிட்டன். அந்தக் கார்ட் புதுசில்ல, ஆரோ பாவிச்சது. அதாலதான் இவ்வளவு கரைச்சலும். என்னை மன்னிச்சிக்கங்க."

அன்ரி ஏசுவார் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கதிரையில் இருந்தபடி கணினியையே பார்த்தார்.

றிஸ்கான் அலுமாரியைத் திறந்து, முத்திரை உடைக்காத புதுப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தான். "இது உண்மையாவே புதுசு. ஒரு சதமும் வாணாம். இப்பவே மாத்தித் தாறன், இனி நிக்காது."

அவன் பெட்டியைக் கிழிக்கப் போனபோது அன்ரி எட்டி அவன் கையைப் பிடித்தார்.

"உடைக்காதீங்கோ தம்பி. எனக்காக நீங்கள் நட்டப்படக் கூடாது. அந்தக் கார்ட் பழசா இருக்கலாம், ஆனா கரைச்சல் அதால இல்லை."

"அப்ப எதால அன்ரி?"

அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். "பின்னால இருக்கிற சுவிச்சை நான்தான் நிப்பாட்டுறனான்."

றிஸ்கானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்களா? நல்லா ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் அன்ரி நிப்பாட்டுறீங்க?"

"நிண்டாத்தானே தம்பி, அவன் கோல் எடுக்கிறான்."