பசிக்காத பிள்ளை

"கூலி ஏறுற வரைக்கும் பண்ணை வீட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது. நீயும்தான்," என்றான் சங்கத் தலைவன் வீரையன், மனைவி கண்ணாத்தாளிடம்.

"அந்த வீட்டு ஒன்றரை வயசுப் புள்ள என்னங்க பண்ணுச்சு? என் கையால தின்னு, என் மடியில தூங்குனவன். இப்ப சோறும் எறங்கலையாம், தூக்கமும் இல்லையாம். பிஸ்கட்டக்கூடத் துப்புறானாம்."

"போனா சங்கத்துக்குத் துரோகம்!"

அவன் குத்தாலத்துக் கூட்டத்துக்குக் கிளம்பியதும், கண்ணாத்தாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து முந்தானையில் முடிந்துகொண்டு, கொல்லை வழியாகத் திருடி போலப் பண்ணை வீட்டுக்குள் நுழைந்தாள்.

பிள்ளை தொட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"வயிறு நெறையத் தின்னுட்டு இப்பத்தான் தூங்குனான்," என்றாள் அவன் தாய் விஜயம்.

"யாரும்மா ஊட்டுனா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், கண்ணாத்தா."

சங்கத்தை மீறி எந்தக் கருங்காலி தன் இடத்துக்கு வந்தாள்? ஆனால் எப்படிக் கேட்பது? தானும் மீறித்தானே வந்திருந்தாள்!

மாலையில் வீரையன் திரும்பினான். நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தவள், அவன் தோளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன பாக்குற?"

"துண்டக் குடுங்க, அலசிப் போடுறேன்."

சிவப்புத் துண்டில் மசிந்த வாழைப்பழம், குட்டி விரல்களின் தடமாக ஒட்டியிருந்தது.

வீரையன் தலை குனிந்தான். "சங்கத்துல சொல்லிடாத, கண்ணாத்தா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நாளைக்குக் கிழங்கு கொண்டுபோங்க. பழத்தவிட இதுதான் அவனுக்குப் புடிக்கும்."