தண்ணீர் வரும் நாள்

இருக்கை மறுபடியும் முன்னால் தள்ளப்பட்டிருந்தது.

அவள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கீழே கைவிட்டுக் கம்பியை இழுத்து, இருக்கையைப் பின்னால் நகர்த்தினாள்.

மேலே இருந்த கண்ணாடியில் சாலை தெரியவில்லை. பின்சீட்டுதான் தெரிந்தது.

நேற்று, திங்கட்கிழமை, தண்ணீர் வந்த நாள். மூன்று நாளுக்கு ஒருமுறை காலை ஆறரைக்குக் குழாயில் வரும். கார் வகுப்பும் ஆறரைக்குத்தான். தண்ணீர் பிடிக்க நின்றதில் அவளுக்கு ஆறு வகுப்புகள் போய்விட்டன.

ஆறு முறையும் மறுநாள் இருக்கை இப்படித்தான் இருந்தது.

யாரோ அவளைவிடக் குள்ளமானவர்.

"நான் வராத அன்னைக்கு யாரு மாஸ்டர் இதுல உக்காருறது?"

செல்வின் மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஒங்க கிளாஸ் வீணாப் போகலம்மா. மொதல்ல கிளச்ச மிதிங்க."

ரயில்வே பாலத்து ஏற்றத்தில் வண்டி ஒருமுறை உதறி நின்றது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

எப்போதும் இதே இடம்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். "இதுல பாஸ் ஆகலன்னா நம்ம கார வித்துருவோம். சும்மாதான நிக்குது" என்று சொல்லியிருந்தார் கணவர். அவருக்குக் கம்பெனி பஸ் வருகிறது.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, உள்ளங்கையில் நீலகிரித் தைலம் மணத்தது.

அவள் தைலம் தேய்ப்பதில்லை.

கியர் குமிழை இன்னொரு முறை தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் தரையில் உட்கார்ந்து இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தைலப் பாட்டில். தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் வாக்கிங் போகிறவர். குழாயடிச் சத்தம் ஆகாது என்பார்.

"அத்தை, நடந்தா ரெண்டு காலும்தான வலிக்கும்?"

தேய்க்கிற கை வேகமானது.

அவளும் எதிரே உட்கார்ந்தாள். கிளச் மிதித்து வலித்த தன் இடது காலை நீட்டினாள். பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள்.

சமையலறையில் கணவர் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குப் பாலத்துல வண்டி நின்னு நின்னு போகுது அத்தை."

மாமியாரின் கை அப்படியே நின்றது.

"ஒனக்குமா?"

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவள் கணவரை எழுப்பினாள். கையில் ஒரு குடத்தைக் கொடுத்தாள்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள், இரண்டு ஜோடிச் செருப்புகள் தெருமுனையைத் தாண்டியிருந்தன.