முருகேசருக்கு மாற்று வைத்தியர்

இணுவில் டொக்டர் தில்லைநாதன், புகையிலை வியாபாரி முருகேசர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய் வடை பாயாசத்தோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். மறுநாள் காலை முருகேசரே புத்தூரிலிருந்து வந்து, வழமையான வாங்கில் உட்கார்ந்து இருமினார். பெற்றோல் இல்லாத காலம். செத்தவருக்கும் சைக்கிள்தான்.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இருமல் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

“முருகேசர், உங்களுக்கு இனி என்னாலை வைத்தியம் பாக்கேலாது.”

“ஏனய்யா, நான் என்ன குற்றம் செய்தனான்?”

“செத்துப்போனியளல்லோ!”

“அது எங்கடை வீட்டு விஷயம். இருமல் நிண்டதோ? தொடங்கின வைத்தியத்தை அந்தரத்திலை விடலாமோ? விடுறதெண்டால் வேறை டொக்டரைக் காட்டிப்போட்டு விடுங்கோ. அது நோயாளியின்ரை உரிமை.”

பேரம் பேசியே பழகிய வாய். ஆனாலும் நியாயம் நியாயம்தான். டொக்டர் யோசித்து, காலமாகிப் பல வருஷமான தன் குரு கனகசபாபதியிடம் போகச் சொன்னார்.

முருகேசருக்கு முகம் மலர்ந்தது. “உதை முந்தியே சொல்லியிருக்கலாமே! அவர் இப்ப எங்கடை பக்கந்தானே!” சிரித்தபடி சைக்கிளில் ஏறிப் போனார். பிறகு வரவேயில்லை.

அடுத்த கிழமை பக்கத்து ஒழுங்கை ஞானாம்பிகை வந்தாள். நெருப்புக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவளுக்கு முதல் நாள்தான் டொக்டர் கைவிரித்திருந்தார். இப்போது தன் காலால் நடந்து வந்து நின்றாள்.

“ராத்திரி பெரிய டொக்டர் கனகசபாபதியிட்டைப் போனனான், ஐயா. நல்ல ஏச்சு! உயிருள்ள ஆக்களைத் தான் பாக்கிறேல்லையாம். ‘நீ தில்லைநாதன்ரை ஆள், அவனிட்டையே போ’ எண்டு கலைச்சுப்போட்டார்.”

டொக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சந்தைக்குப் பிந்திப்போன வியாபாரியைப் போல நாடி துள்ளி ஓடிக்கொண்டிருந்தது.