அண்ணன் சுட்டால் துளைக்காது

எங்கள் கம்பெனி குண்டு துளைக்காத அங்கி விற்கும் விதமே தனி. அங்கியை நான் மாட்டிக்கொள்வேன். வாங்க வந்தவர்கள் கண்ணெதிரே அண்ணன் என் நெஞ்சில் சுடுவான்.

“கூடப் பொறந்த தம்பி சார்! நம்பிக்கை இல்லாமலா சுடுறேன்?” என்பான். ஆர்டர் அங்கேயே கைக்கு வந்துவிடும்.

இன்று வந்த போலீஸ் அதிகாரி சிரித்தார். “ஒரு மாறுதலுக்கு நீங்க போட்டுக்குங்க. தம்பி சுடட்டும்.”

“அதுக்கென்ன சார், தாராளமா!” என்ற அண்ணன், சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய் வந்தான்.

எங்கள் அங்கியை அவனுக்கு மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினேன். சட்டைக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. காலரை லேசாக விலக்கினேன்.

உள்ளே, போட்டிக் கம்பெனியின் முத்திரையோடு இன்னொரு அங்கி.

“தைரியமா சுடுடா,” என்றான் அண்ணன். “நம்ம சரக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”