இரண்டு கொடி

நஞ்சுண்டன் பேச எழுந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னும் வாயே திறக்கவில்லை. அவர் ராசி அப்படி.

லிவர்மோர் பக்கத்து டப்ளின் ஊர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு பக்கம் கிரில்லில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது. ஈமுஸ் என்கிற ஆஸ்திரேலியன் ஃபுட்டி கிளப் கலைந்து மூன்று வருஷமாகிறது. பழைய ஆட்டக்காரர்களையும் வேலை பார்த்தவர்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு நிமிஷம் தங்கள் கரியரைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

கரியராம் கரியர்! எட்டு சீசனில் ஜெயித்ததே ஒரே ஒரு மேட்ச்.

அதனால் எழுந்தவரெல்லாம் தன்னைத்தானே வாரிக்கொண்டார்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் ஓடிப்போன கதையைச் சொன்னார். எட்டு வருஷமும் தான் கத்தியது ஒருத்தருக்கும் புரியவில்லை என்றார் மெல்போர்ன்காரரான கோச் டெரி.

நஞ்சுண்டன் கிளப்பில் சேர்ந்ததே தப்பாகத்தான். சான் ரமோன் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஃபுட்டி என்று பார்த்து, நம்ம ஃபுட்பால்தானே என்று போய் நின்றார். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். ஈமு கோழி வளர்க்கிறேன் பேர்வழி என்று ஊரே ஏமாந்த பூமி. பனியனில் ஈமு படத்தைப் பார்த்ததுமே திரும்பி ஓடியிருக்க வேண்டாமா?

ஓடவில்லை. அவருக்கு ஓடவே வராது என்பதை அரை மணி நேரத்தில் கோச்சும் கண்டுபிடித்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டு மாட்டி, கைக்கு ஒன்றாக இரண்டு கொடி கொடுத்து, கோல் அம்பயராக நிறுத்தினார்கள். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே சுத்தமாகப் போனால் இரண்டு கொடி, ஆறு பாயிண்ட். கம்பத்தில் பட்டுவிட்டால் ஒரு கொடி, ஒரே பாயிண்ட். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை.

அந்த ஒரே வெற்றி கிடைத்த நாளன்று, காலையில் கம்பங்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்ததும் அவர்தான். ஓட வராதவன் தலையில்தானே எல்லா வேலையும் விழும்?

கடைசி நிமிஷம். ஈமுஸ் இரண்டு பாயிண்ட் பின்னால். பந்து அனந்தராமன் கையில். மேற்கு மாம்பலத்து ஆள், பக்கத்து ஆபீஸில் டேட்டாபேஸ் வேலை, அதுவரை ஒரு கோல்கூட அடிக்காதவர். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார்.

பந்து நஞ்சுண்டன் மூக்கைப் பார்த்து வந்தது.

பழனிக்குக் காவடி எடுத்த உடம்பு அது. பயம் வந்தால் கை இரண்டும் தானாகத் தலைக்கு மேலே போய்விடும். 'டொக்' என்று காதுக்குப் பக்கத்தில் கம்பத்தில் பட்ட சத்தம் கேட்டது. முருகா என்று அலறினார். கை இரண்டும் மேலே போயின.

கொடிகளும்தான்.

கண்ணைத் திறந்தபோது அனந்தராமனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

அந்தச் சிவப்புப் பந்து அனந்தராமன் வீட்டுக்குப் போயிற்று. அவர் மனைவி மீனாக்ஷி வருஷா வருஷம் அதைக் கொலுவில் வைப்பார், தசாவதார செட்டுக்குப் பக்கத்தில். பொட்டு வைப்பது மட்டும் அனந்தராமன். சுண்டல் வாங்கப் போகும்போதெல்லாம் சந்தனப் பொட்டோடு அது நஞ்சுண்டனை முறைக்கும்.

ஒன்பது வருஷம். போன வாரம் லிவர்மோர் கோயிலில் முருகனிடம் சத்தியமே பண்ணிவிட்டார். இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது.

பாவி மனுஷன் அனந்தராமன் அவருக்கு முன்னால் பேசியிருக்க வேண்டாம். பந்தைத் தூக்கிக் காட்டி, என் வாழ்க்கையின் ஒரே கோல் என்றார். மீனாக்ஷிதான் முதலில் கை தட்டினார்.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? முருகனிடம் சொன்னதை எப்படிச் சொல்லாமல் விடுவது?

சொல்லிவிட்டார். அது கோலே இல்லை, கம்பத்தில் பட்டது, நான் சாமி கும்பிட்டதைத்தான் நீங்கள் கோல் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று தனக்கு வந்த இங்கிலீஷில், கையைத் தூக்கிக் காட்டி.

பூங்காவே அதிர்ந்தது. கோச் நாற்காலியோடு சாய்ந்தார். அன்றைக்குப் பேசியதிலேயே பெரிய ஜோக் அதுதான் என்று முடிவாயிற்று. மீனாக்ஷிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அனந்தராமன் மட்டும் சிரிக்கவில்லை.

நல்ல மனுஷனுக்கு இருந்த ஒரே பெருமையையும் பிடுங்கிவிட்டோமே! கூட்டம் சாசேஜ் பக்கம் நகர்ந்ததும் நஞ்சுண்டன் மன்னிப்புக் கேட்கப் போனார். கைக்கு வேலை வேண்டுமே என்று மேஜையிலிருந்த பந்தை எடுத்தார்.

ஒன்பது வருஷத்தில் அதை அவர் தொடுவது இதுதான் முதல் தடவை.

கட்டை விரல் பட்டதும் காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில், பொட்டு இருந்த அளவுக்கே, வெள்ளை பெயின்ட்.

அனந்தராமன் சுற்றும் முற்றும் பார்த்தார். பேன்ட் பையிலிருந்து சின்னச் சந்தன டப்பா ஒன்றை எடுத்தார்.

"பாஸ், கொஞ்சம் மறைச்சாப்ல நில்லுங்க. மீனா பாக்கறா."