மெல்பேர்னா, டப்ளினா?

"மெல்பேர்ன்ல இருந்து பதில் ஒண்ணும் வரலங்க. டப்ளினையே எடுத்துக்கிறது நல்லது" என்றாள் ஜீவராணி.

பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது அவளுடைய வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம். முன்னால் உட்கார்ந்திருந்த மேர்சியின் முகம் வாடிவிட்டது. எம்.பி.ஏ. படிக்க அவள் ஆசைப்பட்டது மெல்பேர்னில்தான். டப்ளின், எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட விண்ணப்பம்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமா மிஸ்?" என்றார் மேர்சியின் அப்பா இருதயராஜ்.

"பாத்துக்கிட்டே இருந்தா டப்ளினும் போயிரும்."

மெல்பேர்ன் கடிதம் பத்து நாளைக்கு முன்பே நிலையத்தின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கும் புலமைப்பரிசில். இன்று பகல் பன்னிரண்டரைக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் ஜீவராணியின் கணினித் திரையில் திறந்தே கிடந்தது.

இருதயராஜுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு எப்படி மறக்கும்? பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, அவள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் பெரிய கிளாக்கர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் அவர் கைபட்டுத்தான் போகும்.

அந்த வருஷம் ஜீவராணி உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அப்பா மூக்கையா தினமும் வேலை விட்டதும் ஆபீசுக்குப் போய் வருவார். "ஒண்ணும் வரலன்னு கிளாக்கரய்யா சொல்றாரு தாயி" என்பார்.

பதிவு நாள் முடிந்த பிறகு தபாற்கந்தோரில் விசாரித்தாள். கடிதம் எப்போதோ தோட்ட ஆபீசுக்குப் போயிருந்தது. ஆத்திரத்தோடு கிளம்பியவளை, "பெரிய எடம், கேக்கப் போவாத" என்று அப்பா தடுத்துவிட்டார். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். போன வருஷம் சாகக் கிடந்தபோதும், "ஒன் படிப்பு போச்சே தாயி" என்று அழுதுகொண்டேதான் அவர் கண்ணை மூடினார்.

மேர்சி டப்ளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மணி பன்னிரண்டு முப்பத்தொன்று. ஜீவராணி திரையைப் புதுப்பித்துப் பார்த்தாள். 'காலம் முடிந்துவிட்டது' என்று வந்தது. நெஞ்சுக்குள் பதினெட்டு வருஷமாக எரிந்த ஏதோ ஒன்று குளிர்ந்தது.

இனி அவருக்கும் தெரியட்டும்.

"கிளாக்கரய்யா, என்னைத் தெரியலயா? மூக்கையா மக ஜீவராணி."

அவர் முகம் கறுக்கும் என்று பார்த்தாள். மலர்ந்தது.

"அட, நம்ம மூக்கையா மகளா! கெம்பஸ் கடிதத்த நான்தானே வாசிச்சுக் காட்டி ஒங்கப்பா கையில குடுத்தேன்… நீ ஏம்மா போகல?"